ஹொஸ்கின் வீசிய ஆறாவது இன்னிங்ஸ்

பேஸ்போல் ஆட்டம் ஒன்றை நான் இன்றுவரை முழுதாகப் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் நித்திரையாகிவிட்டேன். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் எந்த ஆண்டில் யார் அதிக ஷட்அவுட் வீசினார் என்ற அட்டவணை இருபத்தாறு வருடம் என் பொறுப்பில்தான் இருந்தது. நீந்தத் தெரியாதவனைக் கப்பலுக்கு எடுத்த கதைதான். கப்பல் தாழவில்லை. ஒரு தடவை ஓட்டை விழுந்தது. அதையும் நானே போட்டேன்.

அந்த ஓட்டையைப் பற்றி எழுத வேண்டி வந்தது சுகன்யாவால். லண்டனில் நான் வேலை பார்த்த பதிப்பகத்தில் இப்போது விளையாட்டுப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. பெற்றோர் யாழ்ப்பாணம், அவர் பிறந்தது லூயிஷம். போன மாதம் ஃபோன் எடுத்தார்.

"அங்கிள், எல்லா டேபிளும் ஒன்லைனுக்குப் போகுது. நம்பர் மட்டும்தான் போகும். உங்கட பேஸ்போல் பக்கத்தில ஒரு பேருக்குப் பக்கத்தில சின்னக் குறி ஒண்டு இருக்கு, கீழ ஒரு குறிப்பு. அதை எடுத்துவிடட்டா?"

"எடுக்க ஏலாது" என்றேன்.

அவ்வளவு விரைவாக நான் எங்கள் கல்யாணத்துக்குக்கூடச் சம்மதம் சொல்லவில்லை என்று என் மனைவி றெஜினா பிறகு சொன்னாள். ஏன் ஏலாது என்று சுகன்யா கேட்டார். ஃபோனில் சொல்லத் தொடங்கினேன். நான் என் பள்ளிக்கூட நாட்களுக்குப் போனதும் அவர், "அங்கிள், எழுதி அனுப்புங்கோவன்" என்றார். நல்ல பிள்ளை, தப்பத் தெரிந்த பிள்ளை. ஆகவே எழுதினேன்.

பள்ளிக்கூட நாட்களைச் சுருக்கிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் கத்தோலிக்கக் கல்லூரியில் கிரிக்கெட் என்றால் உயிர். எனக்குத் துடுப்பெடுக்கவும் வராது, பந்து வீசவும் வராது, பிடிக்கப் போனால் பந்து என் நெஞ்சில்தான் விழும். ஆனால் கையெழுத்து வடிவு. விளையாட்டுக்குப் பொறுப்பான சாமியார் என்னைக் கூப்பிட்டு ஸ்கோர் புத்தகத்தைக் கையில் தந்தார். நான்கு வருடம் மரத்துக்குக் கீழ் மேசை போட்டு, மற்றவர்கள் ஓடியதை எழுதினேன். பிறகு நாட்டில் நடந்ததெல்லாம் நடந்தது. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்து, ஒரு நாள் பத்திரிகையில் 'எண்களில் பொறுமை உள்ளவர் தேவை' என்ற விளம்பரம் பார்த்துப் போனேன்.

பதிப்பகம் உலக விளையாட்டுத் தகவல் நூல் ஒன்றை வெளியிட்டு வந்தது. நேர்முகத்தில் இருந்தவர் மிஸ்டர் கோப்லி. ஒல்லியான, குரல் உயராத மனிதர். உன் ஸ்கோர் புத்தகத்தில் பிழை வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "சொன்னது யார்?" என்றார். "நீயேதான் எழுதினாய், நீயேதான் பிழையில்லை என்கிறாய். வேறு யாராவது பார்த்தார்களா?" எதிர் அணியின் ஸ்கோரர் பக்கத்திலேயே இருப்பான், ஓவருக்கு ஓவர் இருவரும் சரிபார்ப்போம் என்றேன். அன்றே வேலை தந்தார்.

"சொன்னது யார்?" என்பதைத்தான் அவர் வேலையில் மூச்சுக்கு மூச்சு கேட்பார். ஓர் எண் நூலுக்குள் போக வேண்டுமானால் அதை இரண்டு பேர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். முதலாமவர் பச்சைப் பென்சிலால் சரி போடுவார். அடுத்தவர் அதே மூலத்தைப் புதிதாக எடுத்து, மர அடிமட்டத்தை, அதாவது அளவுகோலை, வரிக்கு வரி இறக்கிக்கொண்டு வந்து, சிவப்புப் பென்சிலால் சரி போடுவார். ஒரே ஆள் இரண்டு பென்சிலையும் தொடக் கூடாது. இதை அவர் பைபிளில் இருப்பது போலச் சொல்வார்.

பிழை விட்டால் அவர் ஏச மாட்டார். பிஸ்கற் தருவார். சின்னப் பிழைக்கு வெறும் பிஸ்கற். நடுத்தரப் பிழைக்கு இஞ்சி பிஸ்கற். பெரும் பிழை என்றால் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து சொக்லேட் பிஸ்கற் டின்னை எடுப்பார். அந்த டின் திறக்கும் சத்தம் கேட்டால் முழு மாடியும் தலையைக் குனிந்து வேலை செய்யும். நான் வந்த முதல் வாரம், என்ன நல்ல மனிசன், சும்மா இருக்கப் பிஸ்கற் தருகிறாரே என்று றெஜினாவிடம் புகழ்ந்தேன். மூன்றாம் வாரம்தான் விளங்கியது.

பேஸ்போல் எனக்கு வந்தது, அதை வேறு யாரும் எடுக்காததால். அமெரிக்காவில் நூல் விற்க வேண்டும், ஆகவே பழைய பேஸ்போல் அட்டவணைகள் வேண்டும் என்று மேலிடம் சொன்னது. அமெரிக்காவிலிருந்து பழைய பத்திரிகைகளின் மைக்ரோபிலிம் சுருள்கள் பெட்டி பெட்டியாக வந்தன. எனக்குத் தெரியாத ஆட்டம் என்று சொன்னேன். "நல்லது, உனக்கு யார்மேலும் பாசம் இருக்காது" என்றார் கோப்லி.

ஷட்அவுட் என்பது கடினமான சங்கதி அல்ல. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அந்த ஒன்பதையும் ஒரே பிட்சர், அதாவது பந்து வீசுபவர், தானே வீசி முடித்து, எதிர் அணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் விட்டால் அவர் பெயரில் ஒரு ஷட்அவுட். நான் ஓட்டம் கொடுக்காத மெய்டன் ஓவர்களை எழுதி வளர்ந்தவன். மெய்டன் ஓவரின் பெரியப்பா என்று மனதில் வைத்துக்கொண்டேன். எங்கள் நூலில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரி: அந்த ஆண்டு அதிக ஷட்அவுட் வீசியவரின் பெயர். இருவர் சமமாக இருந்தால் இருவர் பெயரும் வரும். ஒன்று குறைந்தவரின் பெயர் எங்கும் வராது.

எண்பதுகளில், அதாவது நூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பழைய எண்பதுகளில், ஏமஸ் பிளகெட் என்று ஒருவர் வீசினார். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்கா போய்ச் சில வருடம் ஆடிவிட்டுத் திரும்பி வந்தவர். ஓர் ஆண்டில் அவருக்கும் முதலிடத்தில் இருந்தவருக்கும் இடையே ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒன்றை நான் கண்டுபிடித்தேன். பத்திரிகையின் ஸ்கோர் அட்டவணையில் எதிர் அணிக்கு ஒன்பது பூச்சியம் வரிசையாக நின்றது. பிளகெட்டின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு சுருக்கக் குறிகள்: ஒன்று பிட்சர், மற்றது வலப்பக்கக் களத்தில் நிற்பவர். எனக்கு இது இயல்பாகப் பட்டது. கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓவர் முடிந்ததும் எல்லைக் கோட்டடியில் போய் நிற்பார்தானே. வீசிய நேரம் வீசினார், நின்ற நேரம் நின்றார். பச்சைப் பென்சிலால் சரி போட்டேன்.

பேஸ்போலில் பிட்சர் வீசும் இன்னிங்ஸ் முழுவதும் நடுவில் நின்று வீசுவார். அவர் வலப்பக்கம் போனார் என்றால், அங்கே நின்றவர் நடுவுக்கு வந்து வீசினார் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வெளியிலிருந்து புது ஆளை நினைத்தபடி இறக்க முடியாது. களத்தில் நிற்பவர்களே இடம் மாறிக்கொள்வார்கள். இருவர் வீசிய ஆட்டம் ஒருவருக்கும் ஷட்அவுட் ஆகாது. அமெரிக்காவில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி எனக்குத் தெரியாது.

சிவப்புப் பென்சில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பக்கத்து மேசைக்காரிக்கு அன்று காய்ச்சல். பக்கங்கள் மாலையே அச்சுக்குப் போக வேண்டும். ஒன்பது பூச்சியத்தில் என்ன பிழை வரப்போகிறது என்று அவருடைய சிவப்புப் பென்சிலை நானே எடுத்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. சாமியாருக்கு ஷட்அவுட்டிலிருந்து விளங்கப்படுத்த வேண்டுமே என்ற சோம்பல், எங்கள் பாஷையில் பஞ்சி.

நூல் வந்தது. முதலிடத்தில் இரண்டு பெயர்கள். சில மாதம் கழித்து விம்பிள்டனிலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. எழுதியவர் மிஸ் பிளகெட், பிட்சரின் பேத்தி, எண்பதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. நூலில் பெயர் தேடிக் கொடுத்ததற்கு என் கையைப் பிடித்து நன்றி சொல்ல விரும்புவதாக எழுதியிருந்தார். கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் றெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம்.

அடுத்த வருடம் இரண்டாவது கடிதம் வந்தது. தாத்தாவின் கல்லறைக்குப் புதுக் கல் வைக்கிறாராம். 'அந்த ஆண்டு லீக்கில் அவரை மிஞ்சியவர் இல்லை' என்று வெட்டப்போகிறார்கள். கல் வெட்டுபவர் அடுத்த கிழமை தொடங்குவார், அதற்குமுன் ஒருமுறை உறுதிப்படுத்தித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

அதற்குள் நான் பேஸ்போல் விதிகளைக் கொஞ்சம் வாசித்திருந்தேன். சுருளைப் போட்டு அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு குறிகளும் அங்கேயே இருந்தன. அட்டவணையின் அடியில், சின்ன எழுத்தில், வீசியவர்கள் பிளகெட், ஹொஸ்கின் என்று இருவர் பெயரும் இருந்தன. காகிதத்தில் போட்ட பிழையை அடுத்த பதிப்பில் திருத்தலாம். கல்லில் வெட்டினால்?

கோப்லியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்புப் பென்சில் உட்பட. அவர் கீழ் இழுப்பறையைத் திறந்தார். புது டின். அதன் ஒட்டுத்தாளை அவர் மெதுவாக உரித்து முடிக்கும்வரை நான் நின்றேன். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மண்ணைத் தின்றது போல இருந்தது.

"பெயரைப் போட்டது நீ. எடுக்கப்போவதும் நீ. கடிதம் எழுதாதே, நேரில் போய்ச் சொல்" என்றார்.

சனிக்கிழமை, கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருக்கும் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து புறப்பட்டோம். றெஜினா தானும் வருவேன் என்று நின்றாள். விடியவே எழும்பி இருபது மட்டன் ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கியும் வைத்திருந்தாள்.

"என்னப்பா இது? நல்ல சேதி சொல்லவே போறம்?" என்றேன்.

"செத்தவீட்டுக்குத்தான் வெறுங்கையோட போறது. அந்த மனிசி உயிரோடதானே இருக்கிறா?"

"மனிசியின்ர தாத்தாவை நான் இரண்டாந்தரம் சாக்காட்டப் போறன், றெஜினா."

"அதுக்குத்தான் சொல்லுறன். கையில ஏதும் இருக்கட்டும்."

ஏர்ள்ஸ் கோர்ட்டில் ரயில் மாறினோம். பெட்டி முழுவதும் ரோல்ஸ் வாசம். என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்துக்குப் போகிற வழியில் எனக்குப் பசித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மிஸ் பிளகெட் கதவைத் திறந்து, கடிதத்தில் சொன்னபடியே என் கையைப் பிடித்தார். தேத்தண்ணி தயாராக இருந்தது. மேசையில் எங்கள் நூல் அந்தப் பக்கத்தில் திறந்து கிடந்தது. அதற்கு எதிரே மீசை வைத்த ஒருவரின் படம். தாத்தா என்று நினைத்தேன். மிஸ் பிளகெட்டின் அப்பாவாம்.

நான் சொன்னேன். கிரிக்கெட்டையும் பேஸ்போலையும் குழப்பியது, இரண்டு பென்சிலையும் பிடித்தது, எல்லாம். முடிந்ததும் அவர் நூலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் அப்பா சாகும்வரை தாத்தாவைப் புளுகன் என்றுதான் சொன்னார். அந்த வருடம் என்னை மிஞ்சியவர் இல்லை என்று தாத்தா சொன்னால், அப்பா மேசையிலேயே சிரிப்பார். உங்கள் புத்தகம் வந்த அன்று அதைத் திறந்து அப்பாவின் படத்துக்கு எதிரே வைத்தேன். ஒரு வருடமாக அப்படியே இருக்கிறது. இப்போது மூடச் சொல்கிறீர்களா?"

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. ஒரு கிழவிக்கு அறுபது வருடம் கழித்துக் கிடைத்த வெற்றியை நான் கொடுத்துப் பறிக்கிறேன்.

அப்போது றெஜினா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "ஏனாம் அந்த மனிசன் இடையில போனவர்?"

"தெரியாது."

"பேப்பரில இல்லையோ?"

பேப்பர் என் பையில்தான் இருந்தது, முழுப் பக்கத்தின் பிரதி. அட்டவணைக்கு மேலே அரைப் பத்தி நீளத்துக்கு ஆட்டத்தின் விவரம் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.

"பத்து வருசமாப் பேப்பர் பாக்கிறியள், ஒரு நாளும் வாசிக்கேல்லையோ?"

மனைவி என்ன சொல்கிறார் என்று மிஸ் பிளகெட் கேட்டார். "வாசிக்கச் சொல்கிறார்" என்றேன். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் உப்புக் குறைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். எழுத்து மங்கல். ஆறாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்தில், எதிரணி அடித்தது நேரே வந்து பிளகெட்டின் வலக்கைச் சுட்டுவிரலில் பட்டது. எலும்பு தெரிந்ததாம். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவர் போகவில்லை. ஹொஸ்கின் வந்து வீச, இவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றார். பிறகு தானே நடுவுக்கு வந்து பந்தைக் கேட்டு வாங்கி, மிச்ச இன்னிங்ஸ் எல்லாவற்றையும் வீசி முடித்தார். பந்து சிவந்து போனதாக நிருபர் எழுதியிருந்தார்.

மிஸ் பிளகெட் தன் இடக்கையால் வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்தபடி இருந்தார்.

"அந்த விரல் கோணலாக இருக்கும்" என்றார். "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் வீதியைக் கடப்பேன். அதைக் காட்டித்தான் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்வார். அப்பா நம்பவில்லை. குடிவெறியில் குதிரை லாயக் கதவில் விரலைக் கொடுத்துவிட்டார் என்பார்."

அவர் அழுதார். றெஜினா எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்து, ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினாள். மிஸ் பிளகெட் ஒன்றை எடுத்து முழுவதும் சாப்பிட்டார். பிறகு, இதற்குள் என்ன இருக்கிறது, ஏன் இப்படி உறைக்கிறது என்று கேட்டார்.

நாங்கள் புறப்படும்போது அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நூலை மூடினார். பிரதியை எடுத்து அப்பாவின் படத்துக்கு எதிரே சாய்த்து வைத்தார். கல்லில் வெட்ட இருந்த வாசகத்தை மாற்றினார் என்று பிறகு எழுதினார்: 'திரும்பி வந்து வீசி முடித்தார்.'

அடுத்த பதிப்பில் பிளகெட்டின் பெயரை முதலிடத்திலிருந்து எடுத்தேன். முதலிடத்தில் மிஞ்சியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறி வைத்து, அடியில் ஒரு குறிப்புப் போட அனுமதி கேட்டேன். எங்கள் நூலில் குறிப்புக்கு இடம் கிடைப்பது லண்டனில் வீடு கிடைப்பதிலும் பார்க்கக் கஷ்டம். கோப்லி மூன்று வரி தந்தார். மூன்று நாள் எழுதினேன். 'ஏமஸ் பிளகெட் இவரிலும் ஒன்றே குறைவு. இன்னோர் ஆட்டத்தில் விரல் முறிந்து களத்தில் நிற்க, ஆறாவது இன்னிங்ஸை ஹொஸ்கின் வீசினார். பிளகெட் திரும்பி வந்து முடித்தார். எதிரணி ஓட்டம் எடுக்கவில்லை.'

கோப்லி வாசித்தார். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு மூலத்தைக் கேட்காமலே சரி போட்டார். "இதை நான் பார்க்கத் தேவையில்லை" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் ஒருவருக்கும் அப்படிச் செய்ததில்லை. அன்று பார்க்கிங் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இருக்கை இருந்தது, ஆனால் என்னால் இருக்க முடியவில்லை. மிஸ் பிளகெட் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் றெஜினா ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள், உறைப்புக் குறைத்து. கோப்லியும் இப்போது இல்லை. என் உழைப்பில் மிஞ்சியது என்று எதையாவது காட்டச் சொன்னால் அந்த மூன்று வரியைத்தான் காட்டுவேன்.

இவ்வளவையும் எழுதிச் சுகன்யாவுக்கு அனுப்பினேன். அடுத்த நாளே ஃபோன் வந்தது.

"அங்கிள், நான் மேல கதைச்சு இந்த ஒண்டுக்கு மட்டும் இடம் எடுத்துத் தாறன். ஆனா மூலத்தைப் பாக்காமல் போட ஏலாது. சொன்னது யார் எண்டு ஃபோர்மில கேக்கினம்."

கோப்லி போய்விட்டார், அவருடைய கேள்வி போகவில்லை. பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம், பத்தி எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னேன். நானே மெச்சிக்கொண்டேன்.

முந்தாநாள் திரும்ப எடுத்தார்.

"அங்கிள், பேப்பர் கிடைச்சுது. இப்ப எல்லாம் புதுசா ஸ்கான் பண்ணி வச்சிருக்கினம். வடிவாத் தெரியுது."

"விரல், துணி, எல்லாம் இருக்கே பிள்ளை?"

"ஓம், எல்லாம் இருக்கு. ஆனா அங்கிள்..."

"என்ன?"

"விரல் உடைஞ்சதுதான் ஆறாவதில. அதுவும் கடைசிப் பந்தில. ஹொஸ்கின் எறிஞ்சது ஏழாவது."

விம்பிள்டனில் அந்த வீட்டில் இருந்து அதை என் வாயாலேயே வாசித்தது ஞாபகம் வந்தது. பிறகு வந்த எத்தனை பதிப்புகளில், எத்தனை நூலகங்களில் ஹொஸ்கின் ஆறாவதை வீசிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். கல்லில் எண் எதையும் வெட்டவில்லை என்பதற்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

"அங்கிள், இருக்கிறியளே? நான் மாத்தி விடுறன். குறிப்பு இருக்கும், ஏழு எண்டு இருக்கும். சரியே?"

"சரி பிள்ளை" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன். றெஜினா சமையலறையில் இருந்தாள். அங்கே டின் ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது. அவள் வந்து, தட்டில் இரண்டு சொக்லேட் பிஸ்கற்றை வைத்து என் முன்னால் நீட்டினாள்.